எடுக்காத படங்களின் நோட்டு

என் மேஜை டிராயரில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. நான் எடுக்க நினைத்துத் தவறவிட்ட படங்களின் கணக்கு அது. தேதி, இடம், எந்தப் பறவை அல்லது யார் முகம், ஏன் தவறியது என்று நாலு கட்டம். நில அளவைத் துறையில் முப்பத்துச் சொச்சம் வருஷம் புலப்படம் வரைந்த கை. கட்டம் போடாமல் அதற்கு எழுத வராது.

சித்திரை மாசம் எதிர்வீட்டுப் பையன் வந்தான். வங்கியில் வேலை, வயது இருபத்தாறு. எங்கள் தெருவில் எல்லோருக்கும் நான் சர்வேயர் தாத்தா. "தாத்தா, கிட் லென்ஸோட சின்னதா ஒண்ணு வாங்கவா, இல்ல நேரா ஃபுல் ஃபிரேமுக்கே போயிரவா? ஈ.எம்.ஐ. போட்டா தெரியாது" என்றான். செல்போனில் பதினைந்து வீடியோ சேர்த்து வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். அந்தக் கேமராவில் எடுத்த படத்தை நாலு விநாடிக்குமேல் யாரும் காட்டவில்லை.

நான் பதில் சொல்லாமல் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தான். "இதுல கேமரா பேரே எங்கயும் இல்லையே தாத்தா" என்றான்.

அந்த நோட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்ல என் சொந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எழுபதுகளில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆக்ஃபா கிளிக்-3 ஒன்று வாங்கினேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிம் கிடைத்தால் அதைப் போடுவேன். மாசக் கடைசியில் ரோல் வாங்கக் காசு இருக்காது. கேமரா பெட்டியில் கிடக்கும், கண் மட்டும் படம் எடுத்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு படத்தில் ஏழு தேறினால் அன்றைக்கு முகாமில் நான்தான் ராஜா.

2009-ல் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் ஒரு பகுதிக்கு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கினேன். பன்னிரண்டு மெகாபிக்சல், கூடவே 18-105 லென்ஸ், அப்புறம் ஒரு 70-300. ரோல் கவலை இல்லை என்றதும் ஒரே நாளில் அறுநூறு படம் எடுத்தேன். அறுநூறையும் பார்த்து முடிக்க மூன்று நாள் ஆனது. தேறியது அதே ஏழுதான்.

அதற்குக் கேமராதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. இது ஒரு வியாதி. பிடித்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்குமேல் புது மாடல்களின் விவரப் பட்டியலைப் படிப்பது, இல்லாத குறையை இருப்பதில் தேடுவது, மனசுக்குள்ளேயே பழையதை ஒரு விலைக்கு விற்றுவிடுவது. இரண்டு வருஷத்தில் பதினாறு மெகாபிக்சல் கேமரா உடல் ஒன்று வாங்கிவிட்டேன். பழையது பாதி விலைக்குக்கூடப் போகவில்லை.

எனக்கு வெட்கம் என்னவென்றால், கணக்கு தெரிந்த நான் இந்தக் கணக்கில் ஏமாந்ததுதான். பத்து சென்ட் சதுர மனையை நாற்பது சென்ட் ஆக்கினால் தெருப்பக்க முகப்பு இரண்டு மடங்குதான் கூடும். இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். மெகாபிக்சலும் பரப்புக் கணக்குதான். ஆறு மெகாபிக்சல் இருபத்துநாலு ஆனாலும், படத்தை அகலத்தில் இரண்டு மடங்குதான் பெரிதாக்கலாம். நான் பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குப் போனபோது பெட்டியில் போட்ட எண் மூன்றில் ஒரு பங்கு கூடியது. படத்தின் நீளப்பக்கம் 4288 புள்ளியிலிருந்து 4928 ஆனது. நூற்றுக்குப் பதினைந்து!

புதுசு வந்த வாரம் பெருமைக்காக ஒரே காட்சியை இரண்டு கேமராவிலும் எடுத்து, 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தேன். என் மனைவி இரண்டையும் வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்து மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேஜையில் வைத்து, "எது புதுசு, சொல்லுங்க பாப்போம்" என்றாள். பூதக்கண்ணாடி எடுத்து வந்தேன். தப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை; அதுதான் ரொம்ப உறைத்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் கண்ணுக்குப் போதும். பன்னிரண்டு அங்குலத்துக்கு 3600 புள்ளி. பழைய கேமராவிலேயே அதற்குமேல் இருந்தது.

அன்று ராத்திரிதான் நீல நோட்டைத் திறந்தேன். ஒரு வருஷம் புதிதாக எதையும் வாங்குவதில்லை, தவறிய படத்தையெல்லாம் காரணத்தோடு எழுதுவது என்று முடிவு. பொய் எழுதக்கூடாது என்பது மட்டும் விதி. சர்வே கல் இருக்கும் இடத்தைத்தான் குறிக்க வேண்டும், இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கும் இடத்தைக் குறிக்கக்கூடாது.

வருஷக் கடைசியில் கூட்டினேன். மொத்தம் 212. தூரம் 31. இருட்டு 27. ஆட்டம் 44. கேமராவில் ஏதோ ஒன்றைத் தப்பாக வைத்திருந்தது 58. போய்ச் சேர்வதற்குள் வெளிச்சமோ பறவையோ போய்விட்டது 52.

காசு கொடுத்துத் தீர்க்கக்கூடியவை முதல் இரண்டும்தான். சேர்த்தால் 58. அதே எண்ணிக்கை என் விரல் செய்த தப்புக்கும் இருந்தது. ஆட்டத்துக்குக்கூட வைத்தியம் இலவசமாகக் கிடைத்தது. 300 மி.மீ. லென்ஸைச் சின்ன சென்சார் கேமராவில் போட்டால் ஒன்றரை மடங்கு, அதாவது 450 மி.மீ. போலத் தெரியும். அப்படியானால் படம் ஆடாமல் இருக்க, ஷட்டர் வேகமும் அந்த எண்ணை ஒட்டி 1/500 விநாடியாவது இருக்க வேண்டும். நான் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் புள்ளி விழும் என்று பயந்து 1/125-ல் எடுத்துக்கொண்டிருந்தேன். புள்ளி விழுந்த கூர்மையான படத்தை வைத்துக்கொள்ளலாம். ஆடிய படம் குப்பைக்குத்தான். ஐ.எஸ்.ஓ. 1600-க்கு ஏற்றிய மறு வாரமே அந்தக் கட்டம் காலியாக ஆரம்பித்தது.

இப்போது தூரத்துக்கு வருகிறேன். ஆசை அதிகம் பிறப்பதும் காசு அதிகம் கரைவதும் அங்கேதான்.

திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் பிள்ளைகள்போலப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே மஞ்சள்மூக்கு நாரை குளத்துக் கருவையில் மட்டும் கூடு கட்டுவதில்லை. ஊருக்குள், வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கும் மரத்திலேயே கட்டும். கீழே ஆச்சி பாத்திரம் விளக்குவார், மேலே குஞ்சு இரைக்குக் கத்தும். அந்தப் படத்துக்கு 70-300 போதும். சில மரங்களுக்கு 18-105 கூடப் போதும். குளத்தின் நடுவில் வரித்தலை வாத்து இறங்கும். அதற்கு 70-300 போதாது. ஒரே ஊரில், நூறு அடி இடைவெளியில், இரண்டு பதில்!

நோட்டில் 'தூரம்' என்று எழுதிய முப்பத்தொன்றில் பத்தொன்பது கூந்தன்குளத்து வாத்தும் பூநாரையும்தான். அதனால் மூன்று வருஷம் கழித்து, நன்றாக யோசித்து, 200-500 லென்ஸ் வாங்கினேன். நல்ல லென்ஸ், குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் பதினொன்றரை மணிக்குப் போய் நின்றேன். வாத்து பெரிதாகத் தெரிந்தது. ஆனால் எல்லாம் கொழகொழவென்று நெளிந்தது. ஃபோகஸ் கெட்டுவிட்டதோ என்று பதறினேன். பிறகுதான் புத்தி வந்தது. கானல்! பதினோரு மணிக்குமேல் தியோடலைட்டில் பார்த்தால் எதிரே நிறுத்திய அளவுக்கோல் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளியும். முக்கியமான அளவையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுவோம். முப்பது வருஷம் அந்த உண்மையோடு பிழைத்தவன், லென்ஸ் கண்ணாடி பெரிதாக இருந்தால் காற்றையும் ஊடுருவும் என்று நம்பியிருக்கிறேன். இடையில் சூடான காற்று இருநூறு மீட்டர் நின்றால் எந்தக் கம்பெனியின் எந்தக் கண்ணாடிக்கும் வழியில்லை. ஆறரை மணிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இருட்டுக்கு நான் செய்த செலவு ரொம்பக் குறைவு. 35 மி.மீ. எஃப்/1.8, கைக்குள் அடங்கும் சின்ன லென்ஸ். கிட் லென்ஸை இழுத்தால் எஃப்/5.6-ல் போய் நிற்கும். எஃப்/1.8 அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பத்து மடங்கு! ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உடலை மாற்றினாலும் இந்தப் பாய்ச்சல் கிடைக்காது. ஜூம் கிடையாது, நாம்தான் முன்னால் போக வேண்டும், பின்னால் வர வேண்டும். சங்கிலி பிடித்து நடந்த காலுக்கு அது பெரிய காரியமில்லை.

இந்த லென்ஸ் எனக்கு இன்னொரு வேலையையும் கொடுத்தது. நான் கேட்காத வேலை. எங்கள் தெருவில் ஒரு பெரியவரைத் திண்ணை ஓரம் உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வருஷத்தில் அவர் காலமானார். மாலை போட்டு, பல்பு வைத்து, நடுவீட்டில் மாட்டியது அந்தப் படத்தைத்தான். அஞ்சலி போஸ்டரிலும் அதுவே. அதன்பிறகு அறுபது தாண்டியவர்கள் ஒவ்வொருவராக, "சும்மாதான், ஒரு படம் எடுத்து வைங்களேன்" என்று வர ஆரம்பித்தார்கள். எதற்கு என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கொஞ்சம் சிரிக்கச் சொல்லுவேன். ஆச்சிமார் என்றால் பாம்படக் காதோடு. இன்றைக்கு எங்கள் தெருவில் ஒன்பது வீட்டில் நான் எடுத்த படம் மாலையோடு தொங்குகிறது. ஒன்பதும் 35 மி.மீ. நான் எடுத்த கூழைக்கடா படத்தை யாரும் மாட்டவில்லை. அது என் வீட்டில்தான் இருக்கிறது, ஃபிரிட்ஜுக்கு மேலே.

பழைய லென்ஸ் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் நானும் அடிபட்டிருக்கிறேன். ஒருவரிடம் பழைய மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். தோல் உறையோடு கொடுத்தார். உறையின் அழகில் மயங்கினேன். வீட்டில் வந்து செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் பார்த்தால், உள்ளே சிலந்தி வலைபோல் வெள்ளை இழை. ஃபங்கஸ். கண்ணாடி மேல் பூச்சையே அரித்திருந்தது. அந்தத் தோல் உறைதான் அதற்கு ஈரம் ஊட்டி வளர்த்த தாய்வீடு. டார்ச் வைத்துப் பார்க்கும் ஒரு நிமிஷத்தைக் கடையிலேயே செலவழித்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் காற்றே ஈரத்துணி. லென்ஸைத் துணிப் பையிலும் தோல் உறையிலும் பீரோவுக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிகா ஜெல், கூட ஒரு சின்ன ஈரமானி. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் முள் நின்றால் போதும். சிலிகா ஜெல் நிறம் மாறினால் பழைய வாணலி ஒன்றில் இளஞ்சூட்டில் வறுத்து எடுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். சமையல் வாணலியில் வறுக்காதீர்கள், எனக்குத் திட்டு விழுந்தது. இதைவிடப் பெரிய மருந்து, லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டே இருப்பது.

பழைய உடல் வாங்குகிறவர்கள் ஷட்டர் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். பொழுதுபோக்குக்காரர்கள் வாங்கும் நடுத்தர எஸ்.எல்.ஆர்.களுக்கு லட்சம் தடவை என்று கணக்குச் சொல்லுவார்கள். இன்னொன்று, பழைய லென்ஸ் புது உடலில் மாட்டிக்கொள்ளும் என்பதாலேயே வேலை செய்யும் என்று நினைக்கக்கூடாது. நிக்கானில் டி40, டி3000, டி5000 வரிசைகளின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸ் அதில் மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. கையால் திருக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு வாங்கினால் மலிவான நல்ல லென்ஸ், கேட்காமல் வாங்கினால் வருத்தம்.

லென்ஸை உடலோடு பிடிக்கும் மவுண்ட் என்கிற வாய்தான் உண்மையான சம்பந்தம். உடல் நாலைந்து வருஷத்தில் கிழடாகும். லென்ஸ் ஒழுங்காக வைத்தால் முப்பது வருஷம் நிற்கும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது. கேனன் 1987-ல் பழசை முறித்துக்கொண்டு இ.எஃப். மவுண்டுக்குப் போனது. 2018-ல் இரண்டு பேருமே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்காகப் புது வாய் திறந்தார்கள். உள்ளே மடங்கி நிமிரும் கண்ணாடி போனதால், லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி நிக்கானில் 46.5 மி.மீ.யிலிருந்து 16 மி.மீ.க்குச் சுருங்கிவிட்டது. அதனால் பழைய லென்ஸைப் புது உடலில் இடையே ஒரு வளையம் வைத்து மாட்டலாம்; புது லென்ஸைப் பழைய உடலில் மாட்ட முடியாது. எஸ்.எல்.ஆர். லென்ஸ்களைப் பலர் இறக்கி விற்கும் காலம் இது. அவசரமில்லாதவனுக்கு நல்ல காலம்.

எனக்கு இந்த மாற்றம் வேறு வழியில் வந்தது. எழுபத்திரண்டாவது வயதில் வலது தோள் இறங்கிவிட்டது. 200-500 லென்ஸ் 2.3 கிலோ, உடலோடு சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல். முக்காலி தனி. முக்காலியோடு வாழ்நாளெல்லாம் குடித்தனம் செய்தவன்தான், ஆனால் அப்போது தூக்க ஆள் இருந்தார்கள். நோட்டில் புதிதாக ஒரு காரணம் வர ஆரம்பித்தது: 'எடுத்துப் போகவில்லை.' மூன்று மாதத்தில் பதினாலு முறை.

கேனன் ஆர்10 உடலும் 100-400 எஃப்/5.6-8 லென்ஸும் வாங்கினேன். உடல் 429 கிராம், லென்ஸ் 635 கிராம். ஒரு கிலோ சொச்சம். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்கிறது. என் கண்ணில் புரை எடுத்த பிறகு அது சின்ன உதவியில்லை. விவரப் பட்டியலை வைத்துப் பார்த்தால் இது இறக்கம்தான். நீட்டினால் எஃப்/8, பழைய லென்ஸைவிடப் பாதி வெளிச்சம், நூறு மி.மீ. குறைவு. அந்தி வெளிச்சத்தில் கூடு திரும்பும் நாரைகளை இழந்தேன். இருக்கட்டும். அந்தியில் நான் வீட்டில் இருக்கிறேன். சாலையில் எதிரே வரும் வண்டி விளக்கு எனக்கு ஆகவில்லை.

கருவிப் பேச்சு வரும்போதெல்லாம், இந்தத் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்வேன். எழுத்தாளர் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. காட்டு யானைகளைக் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். ஒரு கேமராவின் உடலும் இன்னொன்றின் லென்ஸுமாகத் தானே பொருத்திய பெரிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரிலேயே கேலி இருக்கிறது. கடைக்காரன் பட்டியலில் அப்படி ஒரு பொருளே கிடையாது. தனக்கு எந்தப் படம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கருவி அதற்குப் பின்னால் வந்தது. அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

எதிர்வீட்டுப் பையனிடம் ஃபுல் ஃபிரேம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 36-க்கு 24 மி.மீ. சென்சார், சின்னதைவிடப் பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல். இருட்டில் அந்த வித்தியாசம் தெரியும். கல்யாண வீட்டில் படம் எடுத்துச் சம்பாதிக்கிறவனுக்கு அது வேலைக்கருவி. இவன் ஞாயிற்றுக்கிழமைக்காரன். அதோடு உடலின் விலை முதல் படிதான். அந்த உடலுக்கு ஏற்ற லென்ஸ்கள் எடையிலும் விலையிலும் மேலே ஏறிக்கொண்டே போகும்.

என் பழைய பதினாறு மெகாபிக்சல் உடலையும் 35 மி.மீ. லென்ஸையும், புதிதாக ஒரு நோட்டையும் அவன் கையில் கொடுத்தேன். "ஆவணிவரை வெச்சுக்கோ. தவறுற படத்தையெல்லாம் எழுது. தூரம்னு நிறைய வந்தா லென்ஸ் வாங்கு, இருட்டுன்னு வந்தா அப்ப ஃபுல் ஃபிரேம் பத்திப் பேசுவோம். எதுவா இருந்தாலும் உள்ளத உள்ளபடி எழுதணும்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்தான். கேமரா இன்னும் வாங்கவில்லை. முதல் பக்கத்தில் பதினோரு வரி. அதில் ஏழு வரிக்கு எதிரே ஒரே காரணத்தை எழுதியிருந்தான்: 'எந்திரிக்கல.'